வாசலுக்கு ஓர் ஆவாரை

மடவார் வளாகத்தில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் நீல நிறத்தில் அருகிலேயே தெரிகிறது. அதன் உச்சியில் முகில்கள் தங்கி நிற்பதையும் அடிக்கடி காணலாம். ஆனால் அம்முகில்கள் நமக்காக வந்தவையல்ல. ஆனி, ஆடி மாதங்களில் மலையின் மறுபுறத்தில் கேரளத்தில் மழை கொட்டும்போது, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் வட்டாரத்திற்கு வந்து சேர்வது பெரும்பாலும் காற்று மட்டுமே. மழை மறைவுப் பகுதி என்று நிலநூலார் இதனைக் கூறுவர். நமக்குரிய மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கிழக்கிலிருந்து வர வேண்டும். அது வந்தால் கண்மாய் நிறையும். வராவிட்டால் அடுத்த ஐப்பசி வரை ஆழ்துளைக் கிணற்றை நம்பியே வாழ வேண்டும்.

அது வராமற்போன ஆண்டுகளை நாம் மறந்துவிடலாகாது. 2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவத்தில் தமிழகத்திற்கு வழக்கமாகக் கிடைக்க வேண்டிய 440 மில்லிமீட்டரில் 168 மில்லிமீட்டரே பெய்தது. 2017 சனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சியால் பாதிக்கப்பட்டவையாக அரசால் அறிவிக்கப்பட்டன. அந்தக் கோடையில் காலிக் குடங்களின் வரிசையில் நின்று கால் கடுத்த தாய்மார்களுக்கு இதனை நான் எடுத்துக்கூற வேண்டியதில்லை.

இவ்வளவு நீர்த்தட்டுப்பாடு உள்ள ஊரில் நம் வீட்டு முற்றங்களில் எதனை வளர்க்கிறோம்? புதிதாக வீடு கட்டுவோர் முன்புறத்தில் சிறிது புல்தரை வேண்டும் என்கின்றனர். சுவர் ஓரம் குரோட்டன்ஸ் செடிகள், வாயிலின் இருபுறமும் தொட்டிகள். கண்ணுக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் உயரத்திற்கு நீர் நிற்க வேண்டுமானால் ஒரு லிட்டர் தேவை. நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் புல் வாடாதிருக்க நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டராவது வேண்டும். பத்தடிக்குப் பத்தடி புல்தரை ஏறத்தாழ ஒன்பது சதுர மீட்டர். அப்படியானால் நாள்தோறும் நாற்பத்தைந்து லிட்டர். அதாவது மூன்று குடம். மாதத்திற்குத் தொண்ணூறு குடம்! அடுத்த தெருவில் ஒரு குடும்பம் குடத்திற்கு விலை கொடுத்து நீர் வாங்கிக்கொண்டிருக்க, இங்கே தொண்ணூறு குடம் புல்லுக்கு. தோட்டமே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எந்தத் தோட்டம் வேண்டும் என்பதே கேள்வி.

அயல்நாடுகளில் பணிபுரியும் பிள்ளைகள் பெற்றோருக்கு அனுப்பும் நிழற்படங்களில், குறிப்பாக அமெரிக்காவின் அரிசோனா, கலிபோர்னியா பகுதிகளிலிருந்து வருபவற்றில், பாலை நிலத்து வீடுகளின் முன் மஞ்சள் பூக்கள் குவிந்த உருண்டைப் புதர்களைக் காணலாம். நம் ஊர்ச் சாமந்தியை ஒத்த பூ. ஆனால் புதர் இடுப்பளவு உயரம். இதன் விதை கிடைக்குமா என்று கேட்போரும் உண்டு. கேட்பதில் தவறில்லை, அந்தப் புதரின் கதை நாம் அறியத் தக்கதே.

அதன் பெயர் என்சீலியா. நமது சூரியகாந்தி, சாமந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மெக்சிகோவின் வடமேற்கிலும், அதனை அடுத்த அமெரிக்கப் பாலைகளிலும் இயற்கையாக வளர்வது. இலைகளின் மேல் வெண்ணிற நுண்மயிர் போர்வைபோல் படர்ந்திருக்கும். அது வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். வறட்சி முற்றினால் இலைகளை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நின்று மழைக்குக் காத்திருக்கும். தண்டைக் கீறினால் மணமுள்ள பிசின் கசியும். அப்பகுதிகளுக்குச் சென்ற எசுப்பானிய மறைபரப்பாளர்கள் வழிபாட்டில் சாம்பிராணிக்குப் பதிலாக இந்தப் பிசினைப் புகைத்தனர்; ஆதலால் அம்மக்களின் மொழியில் இச்செடிக்குச் 'சாம்பிராணி' என்ற பொருளிலேயே பெயர் வழங்குகிறது. கடல் கடந்து வரவேண்டிய பொருளுக்காகக் காத்திராமல், காலடியில் வளர்ந்ததை எடுத்துக்கொண்டனர் அக்குருக்கள்.

குறைந்த நீரில் தோட்டம் வளர்க்கும் முறைக்கு ஒரு தனிப்பெயரையும் அமெரிக்கர் சூட்டியுள்ளனர். கொலராடோ மாநிலத்து டென்வர் நகரின் குடிநீர் நிறுவனம் 1981-ஆம் ஆண்டில் உருவாக்கிய சொல் அது. 'உலர்ந்த' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை முன்னே கொண்டது. நாம் 'வறள் தோட்டம்' என்று கூறிக்கொள்ளலாம். அந்தந்த மண்ணுக்கும் மழைக்கும் இயைந்த செடிகளைத் தேர்ந்தெடுத்தல் இம்முறையின் தலையாய விதிகளுள் ஒன்று. அந்த விதியை ஏற்றுக்கொண்டால், அமெரிக்கப் பாலையின் புதரை இங்கே கொண்டுவரச் சொல்வது பொருந்துமா?

வெளியிலிருந்து வந்த செடிகளால் நாம் பட்ட பாடு சிறிதன்று. நாம் சீமைக் கருவேலம் என்று அழைக்கும் முள்மரம் வறண்ட நிலத்தைப் பசுமையாக்கவும் விறகுக்கு உதவவும் 1877-ஆம் ஆண்டளவில் அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில் நடப்பட்டது. இன்று அது நம் கண்மாய்களுக்குள் புகுந்து நிற்பதை அறியாதவர் யார்? 1950-களில் புனே அருகே கவனிக்கப்பட்ட பார்த்தீனியம், மேலே சொன்ன சாமந்திக் குடும்பத்துச் செடிதான். இன்று நாடெங்கும் பரவி, தொட்டவர்க்கு அரிப்பையும் முகர்ந்தவர்க்கு மூச்சுத் திணறலையும் தருகிறது. அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவரப்பட்ட மஞ்சள் கொன்றை என்னும் அமெரிக்க மரம் முதுமலைக் காட்டை நெருக்கத் தொடங்கியதால், அதனை வெட்டிக் காகித ஆலைக்கு அனுப்பும் பணியில் தமிழக அரசு இறங்க நேர்ந்தது. என்சீலியாவும் இப்படியே ஆகும் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இங்கேயே ஒரு மஞ்சள் புதர் இருக்க, அங்கிருந்து ஏன் என்பதே என் கேள்வி.

அந்த மஞ்சள் புதர்தான் ஆவாரை.

பேச்சு வழக்கில் ஆவாரம் என்கிறோம். சாலையோரத்திலும், சரளைக் காட்டிலும், கண்மாய்க் கரையிலும் யாரும் விதைக்காமல், யாரும் நீர் வார்க்காமல் பூத்து நிற்பதாலேயே இதற்கு நம்மிடம் மதிப்பில்லை. பழந்தமிழர் இதனை ஆவிரை என்று அழைத்தனர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் மலர்களுள் இதுவும் ஒன்று. காதலில் தோல்வியுற்ற தலைவன் மடலேறும்போது ஆவிரைப் பூமாலை சூடி ஊர் நடுவே வந்தான் என்று சங்க நூல்கள் கூறுகின்றன. பொங்கலுக்கு முந்திய நாள் வீட்டு இறவாணத்தில் வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவைச் செருகிக் காப்புக் கட்டும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் உண்டு. தெலுங்கு நாட்டார் நம்மைவிட இதனைப் போற்றுகின்றனர். தெலங்கானா மாநிலம் 2014-இல் உருவானபோது தங்கேடு என்று அவர்கள் வழங்கும் இந்தப் பூவையே மாநில மலராக ஏற்றுக்கொண்டது. அவர்களது பதுக்கம்மா விழாவின் பூ அடுக்குகளில் இது தவறாமல் இடம்பெறும்.

தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் சென்னா ஆரிக்குலாட்டா. குருமடத்தில் இலத்தீன் படித்தவர்களுக்கு இரண்டாம் சொல் உடனே விளங்கும்: சிறு காதுகளை உடையது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இருபுறமும் காது மடல்போல் இரண்டு சிறிய பச்சைத் தகடுகள் இருக்கும். அடுத்த முறை சாலையோரத்தில் காணும்போது பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். ஆவாரையை ஒத்த பிற செடிகளிலிருந்து இதனைப் பிரித்தறிய எளிய அடையாளம் அதுவே.

நம் பாட்டன்மார் காலத்தில் இது பணப் பயிர்போல் மதிக்கப்பட்டது. இதன் பட்டையில் துவர்ப்பு மிகுதி. அத்துவர்ப்பே தோலைப் பதப்படுத்துவது. தென்னகத்துத் தோல் பதனிடும் தொழில் நெடுங்காலம் ஆவாரம் பட்டையை நம்பியிருந்தது. பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. குரோமிய உப்பால் பதனிடும் முறையும் வந்தது. ஆவாரம் பட்டைக்கு விலை போயிற்று. தழையை வயலில் மிதித்து உரமாக்கியதும் இரசாயன உரம் வந்த பின் குறைந்தது. பயன் குறையவே செடியையும் பொருட்படுத்தாமல் விட்டோம். வீட்டுமனையாகும் தரிசு நிலங்களில் மண்வாரி இயந்திரத்தின் வாய்க்குள் முதலில் போவது இதுதான்.

மருத்துவப் பயனைப் பற்றி ஒரு சொல். ஆவாரை பூத்திருக்கும் ஊரில் சாவே இராது என்ற பொருளில் ஒரு பழமொழி உண்டு. பழமொழிக்கு மிகைப்படுத்தும் உரிமை உண்டு. நமக்கு அதனை அப்படியே நம்பும் உரிமை இல்லை. பூவைக் கொதிக்க வைத்துக் குடிப்பவர் பலர். உலர்த்திக் குளியல் பொடியில் சேர்ப்பவர் அதனினும் பலர். செய்யுங்கள். ஆனால் சர்க்கரை நோய்க்கு மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதனை மட்டும் குடிப்பதை எவரும் செய்யலாகாது.

விதையின் பூட்டு

இனி வளர்க்கும் முறை. பலர் ஆவாரம் விதையைத் தூவிப் பார்த்து, முளைக்கவில்லை என்று கைவிட்டிருப்பர். காரணம் விதையின் மேல்தோல். அது நீர் புகாத கடினத் தோல். இயற்கை அப்படி அமைத்ததற்குப் பொருள் உண்டு. தவறி விழும் ஒரு கோடை மழையை நம்பி எல்லா விதைகளும் ஒருங்கே முளைத்துவிட்டால், அடுத்த மூன்று வார வெயிலில் எல்லாம் ஒருங்கே மடியும். ஆதலால் வெயிலிலும் மண்ணிலும் உராய்ந்து தோல் தேயத் தேய, சில விதைகள் இவ்வாண்டு, சில அடுத்த ஆண்டு, இன்னும் சில அதற்கும் பின் என்று முளைக்கின்றன. காட்டுக்கு இது நல்லது. இந்த ஐப்பசியிலேயே செடி வேண்டும் என்னும் நமக்குத்தான் பூட்டைத் திறக்க வேண்டியுள்ளது.

காய்கள் பழுப்பேறிக் காகிதம்போல் உலர்ந்ததும் பறியுங்கள். ஒரு காயில் பத்து முதல் இருபது விதைகள் வரை இருக்கும். துளையிட்ட விதைகளில் வண்டு புகுந்துவிட்டது என்று அறிந்து அவற்றை விலக்குங்கள். எஞ்சியவற்றை நீரில் இட்டால் மிதப்பவை பெரும்பாலும் பதர். நல்ல விதையை நிழலில் உலர்த்திச் சாம்பல் கலந்து மூடி வைத்தால் அடுத்த பருவம் வரை கெடாது.

விதைப்பதற்கு முந்திய மாலை, நீரைக் கொதிக்க வைத்து அடுப்பிலிருந்து இறக்கிச் சில நிமிடங்கள் ஆறவிடுங்கள். பின்பு அதனை விதையின் மேல் ஊற்றி இரவு முழுவதும் அப்படியே விடுங்கள். விதையை அடுப்பில் வைத்து வேகவிடலாகாது; சுண்டலாகிவிடும். காலையில் சில விதைகள் இருமடங்கு பருத்திருக்கும்; அவற்றின் பூட்டு திறந்துவிட்டது. அவற்றை அன்றே விதைக்க வேண்டும். பருக்காதவற்றை மறுபடியும் அவ்வாறே செய்யலாம். விதை சிலவே என்றால் உப்புத்தாளில் ஒவ்வொன்றாகத் தேய்த்து, மேல்தோல் ஓரிடத்தில் சிறிது வெளிறும் வரை விட்டு, வெறும் நீரில் ஊறவைப்பது இன்னும் உறுதியான வழி. விதையின் கண் இருக்கும் முனையைத் தேய்க்காதீர்கள்; முளை அங்கேதான் இருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் இதற்குக் கந்தக அமிலம் பயன்படுத்துவர். வீட்டில் அந்த வேலை வேண்டாம்.

நட வேண்டிய இடத்திலேயே நேராக விதைப்பது மிகச் சிறந்தது. ஆவாரையின் ஆணிவேர் இளமையிலேயே நேர்கீழாக இறங்கத் தொடங்கும். பையில் நெடுநாள் வளர்த்தால் அடியில் சுருண்டுவிடும். சுருண்ட வேர் பிறகு ஆழம் செல்வதில்லை. ஆழம் செல்லாத ஆவாரை கோடையில் நம் குடத்தை எதிர்பார்க்கும். பையில்தான் வளர்க்க முடியும் என்பவர்கள் நீண்ட பையாகத் தேர்ந்து, வேர் அடியைத் தொடுமுன் மண்ணில் நட்டுவிடட்டும்.

ஐப்பசியின் முதல் நல்ல மழை மண்ணை ஒரு சாண் ஆழத்திற்கு நனைத்த பின் விதையுங்கள். ஓரடி ஆழம் மண்ணைக் கொத்தி இளக்கி, குழிக்கு மூன்று விதைகள், விரல் நகத்தின் ஆழத்தில் போதும். முளைத்தவற்றுள் வலியதை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடலாம். வேலியாக வேண்டுமானால் இரண்டடிக்கு ஒன்று. தனிப்புதராக நிற்க வேண்டுமானால் ஐந்தடி இடைவெளி. எருவைக் குவிக்காதீர்கள். கொழுத்த மண்ணில் இலை மிகுந்து பூ குறையும். மலையடிவாரத்துச் செம்மண் சரளை இதற்கு மிகவும் ஏற்றது. கிழக்கே உள்ள கரிசலிலும் வளரும். மழை நீர் தேங்கி நிற்காதவாறு சற்று மேட்டில் விதைக்க வேண்டும். நிழலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். முழு வெயில் தேவை. சரிவான நிலமானால் செடியின் கீழ்ப்புறத்தில் பிறைநிலா வடிவில் சிறு வரப்பு எழுப்பினால் வழிந்தோடும் மழை சற்றே நின்று இறங்கும்.

முதற்கோடை ஒன்றுதான் சோதனைக் காலம். வாரத்திற்கு ஒருமுறை செடிக்கு இரண்டு மூன்று சொம்பு நீர், அதுவும் மாலையில். அடியில் உலர்ந்த சருகைப் பரப்பிவிட்டால் அதிலும் பாதி மிச்சம். நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதே பலர் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் வேர் மேலேயே நின்றுவிடும். மறு ஆண்டு முதல் நீர் வார்ப்பதை நிறுத்திவிடலாம். இரண்டாம் ஆண்டில் அநேகமாகப் பூக்கத் தொடங்கிவிடும். அதன்பின் வேலை கத்தரிக்கோலுக்கு மட்டுமே. பூப்பு ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் புதர் அடர்ந்து அழகாக வரும்; வெட்டாது விட்டால் ஆளுயரத்திற்கு மேல் சென்று அடியில் வெறுமையாகிவிடும். ஆடு மாடுகள் இதனை விரும்பி மேய்வதில்லை என்பது சுற்றுச்சுவர் இல்லாத வீட்டாருக்கு ஆறுதல்.

இதற்கு மிகவும் பொருத்தமான இடம் ஒன்றை நம் பங்குகளில் நான் கருதுவதுண்டு: கல்லறைத் தோட்டம். பல ஊர்களில் அங்குக் குழாய் இல்லை, காவல் இல்லை, ஆண்டில் பத்து மாதம் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. நவம்பர் 2-ஆம் நாள் மட்டும் முட்செடி வெட்டிச் சுண்ணாம்பு அடித்து, கடையில் வாங்கிய பூவைத் தூவி வருகிறோம். மாலைக்குள் அது வாடிவிடுகிறது. அந்நாள் ஐப்பசியின் நடுவில், விதைப்பதற்கு உரிய பருவத்தில் வருகிறது என்பதைக் கவனியுங்கள். முந்திய மாலை ஊறவைத்த விதையை ஒரு கைப்பிடி எடுத்துச் சென்று, சுற்றுச்சுவரின் உட்புறமாக, குழிகளுக்கு இடையூறு இல்லாத இடத்தில் விதைத்துவிட்டு வரலாம். முட்செடி வெட்டும் இளைஞர்களிடம் ஆவாரங் கன்றின் அடையாளத்தை முன்கூட்டியே காட்டிவையுங்கள். இல்லையேல் அடுத்த ஆண்டு அதுவும் வெட்டப்பட்டுவிடும்.

செடி பூக்கத் தொடங்கியதும் விருந்தாளிகள் வருவர். காலை வேளையில் பெரிய கருவண்டு ஒன்று பூவைப் பற்றிக்கொண்டு உரக்க முரல்வதைக் கேட்கலாம். அது வண்டன்று, தச்சன் தேனீ. ஆவாரம்பூவில் தேன் இல்லை, மகரந்தம் மட்டுமே. அதுவும் திறந்த பையில் இல்லை. நுனியில் சிறு துளையுள்ள குழலுக்குள் இருக்கிறது. அத்தேனீ தன் மார்புத் தசைகளை அதிரவைக்கும்போது உப்புக்குடுவையிலிருந்து உப்பு கொட்டுவதுபோல் மகரந்தம் உதிர்கிறது. உதிர்ந்ததில் ஒரு பங்கு அதன் உடலில் ஒட்டி அடுத்த பூவைச் சேர்கிறது. பட்டுப்போன மரத்தில் இத்தேனீ துளையிட்டுக் குடியிருக்கும். அம்மரத்தை உடனே விறகாக்கிவிடாமல் ஒரு மூலையில் விட்டுவைப்பது நல்லது.

மற்றொரு விருந்தாளியைக் கண்டு பெண்கள் சிலர் அஞ்சுவர். மழைக்காலத்தில் இளந்தளிர்களின் மேல் பச்சைப் புழுக்கள் தோன்றி இலைகளை அரிக்கும். மருந்து தெளிக்க வேண்டாம். வெளிர்மஞ்சளும் வெண்மையுமாகக் கூட்டமாகப் பறக்கும் வண்ணத்துப்பூச்சிகளின் குஞ்சுகள் அவை. இந்த இனச் செடிகளில் முட்டையிட்டு வளர்பவை. புழுக்கள் கூடு கட்டியபின் சில வாரங்களில் செடி மீண்டும் தளிர்த்துவிடும். பிள்ளைகள் ஒரு கிளையைக் குறித்து வைத்துக்கொண்டு நாள்தோறும் பார்த்து வந்தால், கூட்டிலிருந்து இறகு விரித்து வெளிவருவதை வீட்டு வாசலிலேயே காணலாம்.